யாழ்மங்கையின் இடது கை

ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள், இப்போது ஐந்து பதினெட்டு, மெழுகு இன்னும் உருகவில்லை. பதினாலு வருஷமாகப் பிசியோதெரபி செய்கிற பூங்கோதை மெழுகுத் தொட்டியின் சுவிட்சைப் போட மறந்தது இதுதான் முதல் தடவை. "பரவால்லீங்க்கா, மொதல்ல நீவி உடுங்க, மெழுகு பொறவு வெச்சுக்கலாம்" என்று மயிலானந்தன் தன் இடது கையைத் துண்டின் மேல் நீட்டிவிட்டான். வழக்கமாக மெழுகு முதலில், நீவல் பிறகு. வரிசை மாறினால் குடியா முழுகிவிடும் என்று அவளும் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குடி முழுகத்தான் போகிறது, அதற்கும் மெழுகுக்கும் சம்பந்தமில்லை. அவனுக்கு முப்பத்தொரு வயசு. பம்புசெட் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் சிக்கிய கை, வெட்டி, தைத்து, கம்பி வைத்து, கம்பியை உருவி, ஏழு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் அவளிடம் இருக்கிற கை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் சொன்ன பேச்சைக் கேட்கும். நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி நிற்கும், கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த இரண்டு பேரைப் போல. "ஆறு மணிக்கு மட்டும் நான் போனைப் பாக்கோணுமுங்க்கா, திட்டப்படாது" என்றான். "அப்பிடி என்ன விசேஷம்?" என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. "எங்க கேம்ல வருசத்துக்கு ஒருக்கா படம் மாட்டற திருநாளுங்க, ஆறு மணிக்குத்தான் கோட்டைக் கதவு தொறப்பாங்க. இந்த வருசம் எங்க அண்ணன் என்னைய வரைஞ்சிருக்காரு." சொல்லிவிட்டு, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன் மாதிரி சிரித்தான். அவள் குனிந்து விரலை நீவினாள். அந்த அண்ணன் அவள்தான்.

ஏழ்மதில் என்று ஓர் ஊர். பஸ் கிடையாது, போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் போகலாம். ஏழு சுற்று மதில், நடுவில் கோட்டை, காட்டில் பூதம், ஆற்றில் வம்பு பேசுகிற முதலை. உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் அதற்குள் வாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், அதில் தமிழில் எழுதிப் பேசிக்கொள்கிற கூட்டம் நாற்பத்துச் சொச்சம். அங்கே பூங்கோதை பூங்கோதை இல்லை, மொட்டைமலை. ஏழடி உயரம், தோளில் கோடாலி, மார்பெல்லாம் கரடி மயிர். இங்கே அவளுக்கு பஸ்ஸில் மேல்கம்பி எட்டாது. விடிந்ததிலிருந்து மேடம், அக்கா, வீட்டுக்குப் போனால் "ஏ, இவளே". அங்கே போய்விட்டால் எல்லாருக்கும் அண்ணன். அண்ணா நீங்க முன்னால போங்க, அண்ணா நீங்க சொன்னாச் சரி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாலு வருஷமாகப் போகிறாள் என்று சொன்னால் சபாபதி, அவள் புருஷன், விழுந்து விழுந்து சிரிப்பான், அதனால் சொல்லவில்லை. யாழ்மங்கை அந்தக் கூட்டத்துப் பெண், நீலச் சேலை, கையில் யாழ், சண்டையில் விழுந்தவர்களை மீட்டி எழுப்புவது அவள் வேலை. நாலு வருஷத்தில் மொட்டைமலை எத்தனை தடவை வெட்டுப்பட்டு விழுந்திருக்கிறான், அத்தனை தடவையும் அந்த நீலச் சேலை ஓடி வந்து பக்கத்தில் உட்காரும், பத்து விரலும் நரம்பில் ஓடும், எழுந்திரிங்கண்ணா என்று எழுத்து வரும். யார் இந்தப் பெண், எந்த ஊர், கேட்டதில்லை. கேட்கக்கூடாது. அந்த நாற்பது பேருக்கும் இருப்பது ஒரே சட்டம், வெளிக்காத்து ஆகாது. வெளியே நீ யார், என்ன வேலை, சொல்லவும் கூடாது, விசாரிக்கவும் கூடாது. சண்டை நடுவில் யாராவது மறந்துபோய் "கரண்டு போச்சு" என்றோ "குக்கர் விசில் வந்துருச்சு" என்றோ எழுதினால் போதும், "காத்து! காத்து!" என்று நாற்பது பேரும் எழுதி மானத்தை வாங்கிவிடுவார்கள். ஐந்து இருபத்தாறு.

"வலிக்குதா?" "இல்லீங்க்கா, இன்னுங்கொஞ்சம் அழுத்துங்க, வலிச்சாத்தான நிமிரும்." அவன்தான் யாழ்மங்கை என்று அவன் மூன்றாம் முறை வந்தபோதே தெரிந்துபோயிற்று. நோயாளியைப் பேசவைத்தால் வலி தெரியாது, அது தொழில், அதனால் எல்லாரையும் கேட்கிற மாதிரி வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று அவனையும் கேட்டாள். கேம் ஆடுவேன் என்றான். அதில் நான் பொம்பளை என்று சொல்லி வெட்கப்பட்டான். யாழ் வாசிப்பேன், பத்து விரலிலும் வாசிப்பேன், அங்கே எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். ஆறு வாரம் உள்ளே போகவில்லையாம், போனதும் மலைக்குத் தவம் பண்ணப் போயிருந்தேன் என்று எழுதினானாம். அந்த வரியை அவள் படித்திருந்தாள். படித்து, தவம் பலிச்சதா தாயி என்று மொட்டைமலையாகக் கேலி எழுதியிருந்தாள். இப்போது அந்தத் தவம் தையல் பிரித்த தழும்போடு அவள் கையில் இருந்தது. அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். தம்பி, நான்தான் மொட்டைமலை. மூன்றே சொல். வாய்வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து அவன், "அங்க ஒரு அண்ணன் இருக்காருங்க, அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன், இதை மட்டும் சொல்லுல. அவருக்கு நான் முழுசா இருக்கேனுங்க" என்றான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த முழுசு போய்விடுமே. அப்படி நினைத்துத்தான் சொல்லவில்லை என்று ஏழு மாதமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி என்னவென்றால் சொன்னால் அவன் அண்ணா என்று கூப்பிடமாட்டான். ஐந்தடி ஒரு அங்குலத்தைப் பார்த்துவிட்டு எவன் அண்ணா என்பான். இதை நினைக்கும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, இருந்தும் அது நிஜம்தான்.

அவளுக்குக் கை வரைய வராது. சின்ன வயசிலிருந்தே வராது. முகம் வரும், மரம் வரும், குதிரைகூட ஒரு மாதிரி வந்துவிடும், கை என்றால் முறுக்குப் பிழிந்த மாதிரி ஆகிவிடும். நாள் பூராவும் கைகளையே பிடித்துக்கொண்டு பிழைக்கிறவளுக்குக் கை வராது என்பது கடவுளின் குசும்பு. அதனால் சுவர்த் திருநாளுக்கு அவள் வரைகிற ஆட்களெல்லாம் கையைப் போர்வைக்குள் வைத்திருப்பார்கள், கேடயத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், ஒரு வருஷம் ஒரு ராஜாவின் இரண்டு கையையும் மாவுப் பானைக்குள் விட்டு வரைந்தாள். அண்ணன் ஊர்ல யாருக்கும் கை கிடையாது என்று கூட்டம் ஓட்டும். இந்த வருஷம் உன்னைத்தான் வரையப்போறேன் என்று யாழ்மங்கைக்கு எழுதினாள், அண்ணா என் கைய மறைச்சறாதீங்க, யாழ் வாசிக்கிற மாதிரி வேணும் என்று பதில் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சபாபதி சாப்பிட்டுப் படுத்த பிறகு, சாப்பாட்டு மேசையில் டேப்லட்டை வைத்துக்கொண்டு வரைந்தாள். நீலச் சேலை, யாழின் வளைவு, பின்னால் மதிலும் சாயங்காலமும், வலது கையைச் சேலை மடிப்பில் பாதி மறைத்துச் சமாளித்தாகிவிட்டது. இடது கைக்கு வந்ததும் பயந்துகொண்டே ஆரம்பித்தாள். இருபது நிமிஷம். ஒரு கோடுகூட அழிக்கவில்லை. நரம்பின் மேல் விரல்கள் வந்து தாமாக உட்கார்ந்துகொண்டன, எலும்பு எங்கே, தசை எங்கே, தோல் எங்கே இழுக்கும் எல்லாம் சரியாக. நாற்பத்திரண்டு வயசில் முதல் முதலாக ஒரு கை வரைந்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது என்றால் நம்ப வேண்டும். ஆசை ஆசையாகத் திருநாளுக்கு அனுப்பினாள். பத்து நாள் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தாள், ஒரு தடவைகூடத் தெரியவில்லை.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரிந்தது. சாயங்காலம் வருகிறவர்களின் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோப்பிலும் கையின் கோட்டுருவம் அச்சடித்த ஒரு தாள் இருக்கும், எந்த விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று அதில் பென்சிலால் போட்டு, பக்கத்தில் டிகிரி எழுத வேண்டும். மயிலானந்தன் கோப்பில் அப்படி ஐம்பது கை, எல்லாம் அவள் போட்டவை. அவற்றைப் பார்த்தாள். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். திரும்பவும் கோப்பைப் பார்த்தாள். யாழ்மங்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நரம்பின் மேல் மடங்கி நின்றன, அதே கோணத்தில், அதே கோபத்தில். கை வரைய வராதவளுக்குத் தெரிந்த ஒரே கையை வரைந்திருக்கிறாள். பத்து விரலோடு அவன் முழுசாக இருக்கிற ஒரே இடத்தில், நாற்பது பேருக்கும் நடுவில், அவன் கையைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு சுவர்க்காரருக்கு எழுதினாள். சுவர்க்காரர் என்பது திருநாளை நடத்துகிறவர், உள்ளே வெள்ளைத் தாடிக் கிழவர், வெளியே எந்தக் கல்லூரியில் எந்தப் பையனோ. என் படத்தை இறக்கிருங்க என்று எழுதினாள். சுண்ணாம்பு பூசியாச்சே அண்ணா என்று பதில் வந்தது. சுண்ணாம்பு பூசுவது என்றால் சுவரைப் பூட்டிவிடுவது, அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு வரைந்தவனாலும் எடுக்க முடியாது, நடத்துகிறவனாலும் முடியாது. படத்தில் இருக்கிற ஆள் மட்டும் பிடிக்காவிட்டால் அதன் மேல் திரை போட்டுக்கொள்ளலாம். ஏண்ணா, என்ன ஆச்சு, படம் ஜோரா இருக்கே என்று கேட்டிருந்தார். என்னவென்று எழுதுவாள்? எழுதினால் வெளிக்காத்து. எழுதாமலே அடித்துக்கொண்டிருப்பது புயல்.

ஐந்து நாற்பது. கரண்டு போகலாம். கோயமுத்தூரில் இந்த நேரத்துக்குக் கரண்டு போனால் யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் போன் கரண்டில் ஓடவில்லையே. டவர் போகலாம். ஏழ்மதிலே மொத்தமாகப் படுத்துவிடலாம், போன வருஷம் இரண்டு மணி நேரம் படுத்ததே. இவனுக்கு ஒரு போன் வரலாம், அம்மாவிடமிருந்து, சீக்கிரம் வா என்று. நல்ல செய்தியாகவே இருக்கட்டும், பெண் பார்க்கிற செய்தி. அங்கேதான் இன்னொரு முடிச்சு இருக்கிறது, இரண்டு மணியிலிருந்து அவள் சுற்றிச் சுற்றி வந்தும் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒதுங்கிப் போகிற முடிச்சு. சித்திரையில் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி அந்த ரெண்டும் நிமிராது, ஒட்டிருச்சு, இருக்கறதைக் காப்பாத்தற வழியைப் பாருங்க, நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க என்றார். சரிங்க சார் என்றாள். அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். அன்றைக்குக் காலையில் உள்ளே யாழ்மங்கை மொட்டைமலைக்கு எழுதியிருந்தாள், அண்ணா, ஆவணிக்குள்ள எனக்கு ஒரு நல்லது நடக்கப்போகுது, என்னன்னு கேக்காதீங்க, காத்து. என்ன என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஆவணியில் கை நிமிர்ந்துவிடும், பட்டறையில் பழைய மிஷினுக்கே போய்விடலாம், வீட்டில் பேச்சை எடுக்கலாம். நல்லதே நடக்கும் தாயி என்று மொட்டைமலை எழுதினான். எழுதியது இந்தக் கட்டைவிரல்தான், இப்போது அவன் நடுவிரலுக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிற இதே கட்டைவிரல். மூன்று மாதமாக நிமிராத விரலை நிமிர்த்துகிற மாதிரி தள்ளிக்கொண்டிருக்கிறாள். இங்கே சொல்லவில்லை, அங்கே போய்த் தைரியம் சொல்கிறாள். அங்கே அவன் சந்தோஷமாக இருப்பதைக் கேட்டுவிட்டு வந்து இங்கே வாயை மூடிக்கொள்கிறாள். பட்டறை முதலாளிகள்கூட இப்படி இரண்டு பக்கமும் நின்று ஏமாற்றமாட்டார்கள். அந்தப் படத்தில் இருக்கிறது வெறும் அவன் கை இல்லை, இனி எப்போதைக்குமான அவன் கை. அந்தக் கையால் யாழ் வாசித்தால் இப்படித்தான் வாசிக்க முடியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வரைந்து வைத்திருக்கிறாள்.

"மெழுகு உருகிருச்சு பாருங்" என்றான் அவன். தொட்டியில் மெழுகு தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம். தம்பி, ஒண்ணு சொல்லோணும். இப்படி ஆரம்பித்தால் அவன் பயந்துவிடுவான். தம்பி, அந்தக் கேமு. இல்லை. தம்பி, டாக்டர் ஒண்ணு சொன்னாரு. அதுவும் இல்லை, டாக்டரை முன்னால் தள்ளிவிட்டு இவள் பின்னால் ஒளிந்துகொள்வதா, மாவுப் பானைக்குள் கையை விட்ட ராஜா மாதிரி. எதை முதலில் சொல்வது, விரல் நிமிராது என்பதையா, அண்ணன் நான்தான் என்பதையா? ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்து விழும். "தம்பி" என்றாள். "சொல்லுங்க்கா." அவன் நிமிர்ந்து பார்த்தான், கண்ணெல்லாம் ஆறு மணி. அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ரெண்டு கையும் வைங்க." "வலது கை நல்லாத்தானுங்க இருக்குது?" "ரெண்டுக்கும் வெச்சாத்தான் ரத்த ஓட்டம் சமமா இருக்கும்." பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு பொய்யை அவள் சொன்னதில்லை. இரண்டு கையும் மெழுகுக்குள் இருந்தால் போனைத் தொட முடியாது. இருபது நிமிஷம் ஓடும். இருபது நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது, ஆனாலும் இருபது நிமிஷம். அவன் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினான். முக்கி எடுத்தாள், முக்கி எடுத்தாள், ஆறு தடவை, இரண்டு கையிலும் வெள்ளையாக மெழுகு படிந்து உறை போட்ட மாதிரி ஆயிற்று, பிளாஸ்டிக் பை, அதன் மேல் துண்டு. குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். அவன் அவளை அத்தனை நம்பினான். ஐந்து ஐம்பத்தேழு.

"ஐயோ, போனு" என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியின் மூடியைப் போட்டாள். "அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? என்ற சட்டைப் பையில இருக்குது, எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க, தொறந்துக்கும். நீங்களே தொட்டு ஓட்டுனீங்கன்னா போதும், நான் வழி சொல்றேன்." மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். பிசியோதெரபியில் அதற்கு ஒரு காரணமும் இல்லை. போனை எடுத்தாள், காட்டினாள், திறந்துகொண்டது. கோட்டை வாசலில் கூட்டம் நெரிந்தது, ஆறடியும் ஏழடியும் கொம்பும் வாலும், நடுவில் நீலச் சேலை. இத்தனை நாள் எதிரே பார்த்த அந்தப் பெண் இப்போது அவள் விரலுக்கு அடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆறு மணி. கதவு திறந்தது. "நேராப் போங்க்கா" என்றான். அவள் ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே நினைத்தாள், போன் கைதவறி விழட்டும், கீழே டைல்ஸ்தான், உடையும், உடைந்தால் வாங்கிக் கொடுத்துவிடலாம், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பான், தனியாகப் பார்ப்பான், பக்கத்தில் யாரும் இல்லாமல், அது இதைவிட மோசம், இல்லை, இதுதான் மோசம், அவன் பார்க்கும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கண்ணை மூடிக்கொள்ளலாமா, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாமா, தெரியாத மாதிரி அட என்று சொல்லலாமா, அட, உங்க கை மாதிரியே இருக்கே என்று அவளே முந்திக்கொள்ளலாமா, சீ, என்ன பிறவி. அதற்குள் யாழ்மங்கை நின்றுவிட்டாள். எதிரே சுவரில் அவளே இருந்தாள், யாழோடு, சாயங்காலத்தோடு, இடது கையோடு.

திரையின் அடியில் எழுத்து ஓடியது, அண்ணன் கை வரைஞ்சுட்டாருடோய், என்னா கை, யாழு உனக்கு யோகந்தான், விரலைப் பாருங்கப்பா நரம்பைத் தொடறதை. வெளியே மாடிப்படியில் யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டது. பூங்கோதை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டு சுற்றிய இரண்டு பொதியையும் பார்த்தாள். இடது பொதி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. "இது நிமிராதுங்களா?" என்று கேட்டான். போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, எல்லாருக்கும் சொல்வது, நாக்கின் நுனியில் எப்போதும் தயாராக இருப்பது. "நிமிராது தம்பி" என்றாள். "எப்பருந்து தெரியும்?" "சித்திரையிலருந்து." அவன் தலையை ஆட்டினான், கடையில் விலை கேட்டுவிட்டு ஆட்டுகிற மாதிரி. கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். "நான் நேராப் போங்கன்னு மட்டுந்தானுங்க சொன்னேன்" என்றான். "வெளக்குத் தூண்ல திரும்பச் சொல்லுல. மூணாவது படி ஒடைஞ்சிருக்கும், தாண்டோணும்னு சொல்லுல. நீங்களே தாண்டுனீங்க." அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மனசு எங்கேயோ அடித்துக்கொண்டிருக்க, கட்டைவிரல் தன்பாட்டுக்கு நாலு வருஷத்து வழியில் நடந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பு என்றாவது, நான் வேண்டுமென்று வரையவில்லை என்றாவது, எனக்கு வேற கை தெரியாது என்றாவது. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, அண்ணன் எங்கப்பா, மொட்டைமலையண்ணன் இன்னும் வரலியா, ஆளைக் கூப்பிடுங்க. இருவரும் அதைப் படித்தார்கள். "திரையைப் போட்டுருங்க" என்றான். அவள் தொட்டாள். சிவப்புத் துணி மேலிருந்து மெதுவாக இறங்கி, முதலில் மதிலை மறைத்தது, பிறகு முகத்தை, பிறகு யாழை, கடைசியில் கையை. ஐயையோ ஏன் யாழு என்று எழுத்து வந்ததும் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை, போக முடியாது, கை இரண்டும் மெழுகில். கட்டினவளே அவிழ்க்க வேண்டும். துண்டைப் பிரித்தாள், பையைக் கழற்றினாள். வலது கையின் மெழுகை உரித்தாள், இடது கையின் மெழுகை உரித்தாள், எப்போதும் அவனே ஆரஞ்சுத் தோல் மாதிரி உரித்து உருட்டி விளையாடுவான், இன்றைக்குப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். கை சூடாக, சிவப்பாக, இளகி இருந்தது. மெழுகுக்குப் பிறகு நீவல். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கையை எடுத்து வைத்துக்கொண்டாள், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளினாள், விட்டாள், தள்ளினாள். அது நாற்பது டிகிரியில் போய் நின்றது. திரும்பவும் தள்ளினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு விரல் சரியாகத் தெரியவில்லை. "அதான் நிமிராதுன்னுட்டீங்களே" என்றான் அவன். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் தள்ளினாள். "விடுங்கண்ணா" என்றான். பூங்கோதை விட்டுவிட்டாள். அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை.